என் இடத்தில் ஒரு பொலிவியாக்காரர்

பொலிவியாவின் தேசிய அணிக்கு விளையாடிய ஒருவருக்காக உதைபந்தாட்ட அணியிலிருந்து தூக்கப்பட்ட தமிழன் மொன்ட்ரியாலில் நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் முன்வரட்டும், சேர்ந்து ஒரு சங்கம் அமைக்கலாம். சங்கம் அமைப்பது எங்களுக்குப் புதிதல்ல.

அப்படி அமைத்தவற்றில் ஒன்றுதான் எங்கள் ஊர்ச்சங்கம். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் ஒவ்வொரு கோடையிலும் மொன்ட்ரியால்-நோர் பகுதியில் ஒரு பூங்காவில் ஊர்களுக்கிடையே உதைபந்தாட்டப் போட்டி நடக்கும். எங்கள் ஊர் தவறாமல் முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிடும். அதனால் மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் முதலில் நிற்பதும் நாங்கள்தான். அந்த அணியில் பதினோராம் இலக்கச் சட்டை என்னுடையது. இடது விங். எனக்கு வலது காலால் பந்தடிக்க வராது. ஆகவே நான் இடதுகால்காரன் என்று முடிவுகட்டிவிட்டார்கள். இடது காலாலும் வராது என்பது தெரியவந்தபோது நான் அணியில் நிரந்தரமாகியிருந்தேன்.

அப்போது எனக்கு ஒரு பாண் தொழிற்சாலையில் வேலை. பெல்ட்டில் ஓடிவரும் பர்கர் பணிஸ்களில் கோணலானவற்றைப் பொறுக்கி எறிவது என் உத்தியோகம். எனக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று அதையே செய்தவர்தான் பொலிவியாக்காரர். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இருவருடைய பிரெஞ்சையும் சேர்த்தாலும் ஒரு முழு ஆளின் பிரெஞ்சு தேறாது. ஆனாலும் தன் சர்வதேச வாழ்க்கை முழுவதையும் அவர் எனக்குச் சொல்லி முடித்தார். இடைவேளையில் கழிவுப் பணிஸ்களை மேசையில் பின்வரிசை வீரர்களாக அடுக்குவார். உப்புப் போத்தல் அவர். போத்தல் இரண்டு பணிஸ்களைக் கடந்து மூலைக்கு ஓடி அங்கிருந்து பந்தை உள்ளே தூக்கிக் கொடுக்கும். கதை முடிந்ததும் பின்வரிசை வீரர்களை நான் சாப்பிடுவேன்.

சொந்த மைதானம் மலை உச்சியில் இருந்ததாம். வருகிற அணிகள் மூச்சுவிட முடியாமல் வாந்தியெடுத்துக்கொண்டு நிற்க, இவர் அவர்களைச் சுற்றிச் சுற்றி ஓடுவாராம். கீழே, கடலோர நாடுகளுக்குப் போனால் கதை தலைகீழ். மலையில் தான் வீரர், கடற்கரையில் சுற்றுலாப் பயணி என்றார். கடைசி ஆட்டமும் ஒரு கடற்கரை நகரத்தில்தான். தடுக்க வந்தவனைக் கடந்து, எல்லைக்கோட்டையும் கடந்து, படம்பிடிப்பவர்களுக்குள் போய் விழுந்தார். பந்து மட்டும் கூட வரவில்லை. அடுத்த ஆட்டத்துக்கான அணியின் பெயர்களை வானொலியில் வாசித்தபோது அவர் சலூனில் பாதி முகம் வழித்த நிலையில் இருந்தார். தன் பெயர் வரவில்லை என்று தெரிந்த பிறகும் மீதிப் பாதியை வழிக்கும்வரை அந்த நாற்காலியில் இருக்கவேண்டியதாயிற்று.

நானும் சும்மா இருந்திருக்கலாம். நானும் இடது விங்தான் என்று சொல்லிவிட்டேன். எந்த அணிக்கு என்று கேட்டார். எங்கள் ஊரின் பெயரைச் சொன்னேன். அவர் மரியாதையோடு தலையாட்டியதைப் பார்த்தால், அதை ஒரு நாடு என்று எடுத்துக்கொண்டார் போலிருந்தது. எங்கே இருக்கிறது என்றார். கடலோரமாக என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

அடுத்த ஞாயிறே பயிற்சி பார்க்க வந்துவிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் வெகுநேரம் யோசித்துவிட்டு, நீ நன்றாக ஓடுகிறாய், பந்து இருக்கும் பக்கமாகவும் ஓடிப் பார் என்றார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். முதுகில் இலக்கம், நடுவில் விசிலோடு றெபரி, ஒரேயொரு ஒழுங்கான ஆட்டம். அது போதும். போன தடவை அவர்கள் நிறுத்தினார்கள், இந்தத் தடவை தானே நிறுத்திக்கொள்ளவேண்டும். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

சங்கக் கூட்டம் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் நடந்தது. போட்டி விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊரில் பிறந்திருக்கவேண்டும், அல்லது ஊருக்குச் சொந்தமாக இருக்கவேண்டும். செயலாளர் அண்ணை என்னைக் கேட்டார்.

"பொலிவியாக்காரன் எங்களுக்கு என்ன முறை?"

முறை ஒன்றுமில்லை என்றேன். கலியாணம் கட்டிவைப்போமா என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஏற்கெனவே ஒருமுறை கட்டி முறித்தவர் என்று விளக்கினேன். அவர் வேதக்காரரா என்று செயலாளர் விசாரித்தார். ஓம், ஞாயிறு பூசைக்குத் தவறாதவர் என்றேன். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் யாருக்கோ வில்லங்கம்.

"உன்ர ரெண்டாவதுக்கு இன்னும் ஞானஸ்நானம் குடுக்கேல்லை, என்ன?"

"அடுத்த மாசம் குடுக்கிறம் அண்ணை."

"ஞானத்தகப்பன் சொந்தமில்லையெண்டு எந்த ஊரான் சொல்லுவான்?"

மண்டபம் கைதட்டியது. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளையை வைத்திருந்தவன் அந்த மண்டபத்தில் நான் மட்டும்தான். இடது விங்கை வைத்திருந்தவனும் நான் மட்டும்தான். அப்படியானால் நான் எங்கே விளையாடுவது என்று கேட்டேன்.

"நீ பிள்ளையை வைச்சிரு," என்றார் அண்ணை.

வீட்டில் இதைச் சொல்வதற்குப் பந்தைக் கடத்துவதைவிடப் பெரிய சாமர்த்தியம் தேவைப்பட்டது. ஞானத்தகப்பன் தன் தம்பி என்று மனைவி எப்போதோ முடிவுசெய்திருந்தாள். தம்பி ரொறன்ரோவில் கோட்டும் தைக்கக் கொடுத்துவிட்டான்.

"உங்களுக்குப் பந்தடிக்கத் தெரியாததுக்கு என்ர பிள்ளை என்ன செய்யும்?" என்றாள்.

நியாயமான கேள்வி. அந்த ஞாயிறு பொலிவியாக்காரரையே வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நாங்கள் ஓர் ஆட்டத்துக்கு ஒரு சொந்தம் தேடிக்கொண்டிருந்தோம். அவரோ இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, குழந்தைக்கு முன்னால் குனிந்து நின்று, தன் நாட்டில் ஞானத்தகப்பன் என்றால் என்ன என்பதை என் மனைவிக்கு விளக்கினார். பிள்ளையின் தலைமயிரில் முதல் கத்தரி வைப்பது அவர்தானாம். தகப்பனும் ஞானத்தகப்பனும் சாகும்வரை உறவாம். தகப்பன் விழுந்தால் பிள்ளையைத் தூக்கவேண்டியது ஞானத்தகப்பனாம். மனைவியின் பிரெஞ்சு என்னுடையதைவிட நல்லது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"இவர் விழுவார் எண்டது எனக்கும் தெரியும்," என்று தமிழில் சொல்லிவிட்டு அவருக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

தம்பிக்கு அடுத்த பிள்ளை என்று தொலைபேசியில் வாக்குக் கொடுக்கப்பட்டது. அடுத்த பிள்ளையைப் பற்றி நான் கேள்விப்பட்டதும் அப்போதுதான்.

ஞானஸ்நானம் குறையில்லாமல் நடந்தது. தண்ணீர் பட்டதும் மகள் வீரிட்டாள். ஞானத்தகப்பனும் அழுதார். செயலாளர் அண்ணை மட்டும் சிரித்த முகத்தோடு பதினோராம் இலக்கச் சட்டையை ஒரு பையில் போட்டு அவர் கையில் கொடுத்தார்.

போட்டியன்று எதிரணி ஊர் பொலிவியாக்காரரைக் கண்டதுமே ஆட்சேபித்தது. அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நேரே வந்து, இவர் ஆரின்ர ஆள் என்று கேட்டார். வீடு, ஒழுங்கை, பாட்டன் பூட்டன் என்று நான் உள்ளுக்குள் ஒரு பரம்பரையைக் கட்டத் தொடங்கியிருந்தேன். அதற்குள் பொலிவியாக்காரர் என் தோளில் கிடந்த குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு, மனைவி ஒரு கிழமையாகச் சொல்லிக்கொடுத்த தமிழைப் பேசினார்.

"நான் இந்தப் பிள்ளைக்கு ஞானத்தகப்பன். சாகுமட்டும்."

பெரியவர் திரும்பிப் போனார். அவரும் வேதக்காரர்தான்.

முதல் பாதியில் நான் கோட்டுக்கு வெளியே குழந்தையும் பால்போத்தலுமாக நின்று என் இடத்தைப் பார்த்தேன். பழைய வேகம் அவரிடம் இருக்கவில்லை. ஆனால் தோளை ஒரு பக்கம் சாய்ப்பார், தடுக்க வந்தவன் அந்தப் பக்கம் போவான், இவர் மற்றப் பக்கத்தால் நடந்துபோவார். முதல் பந்தை உள்ளே தூக்கிக் கொடுத்தபோது எங்கள் முன்வரிசைக்காரன் பயந்து குனிந்துவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. இத்தனை வருடமாக நான் அடித்த பந்து ஒன்றும் அவன் இருந்த திசைக்கே வந்ததில்லை. இரண்டாவது பந்து அவன் காதில் பட்டுக் கோலுக்குள் போனது. ஊரே மைதானத்துக்குள் ஓடியது. கோல் போட்டால் என்ன செய்வது என்று எங்களுக்குப் பழக்கமில்லை.

இடைவேளையில் அவர் மூச்சிரைக்க என்னிடம் வந்தார். வந்ததும் சட்டையைக் கழற்றினார். செயலாளர் அண்ணை பதறிப்போய், இன்னும் பாதி இருக்கிறது என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் தலையை ஆட்டி, சர்வதேச ஆட்டங்களிலிருந்து தான் இந்த நிமிடத்தோடு ஓய்வுபெறுவதாக அறிவித்தார். இரண்டு நாடுகளுக்கு விளையாடியாயிற்று, போதும் என்றார். நான் திருத்தவில்லை. சட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டார். மனைவி கதிரையை இழுத்துப்போட, ஒரு கையில் பிள்ளையும் மறுகையில் பாதி கடித்த றோல்ஸுமாக, கடன் முடிந்த மனிதரைப்போல் உட்கார்ந்தார்.

நான் ஈரச் சட்டையை மாட்டிக்கொண்டு என் இடத்துக்கு ஓடினேன். இரண்டாம் பாதி முழுவதும் ஒருவரும் எனக்குப் பந்து தரவில்லை. கைகாட்டினேன், கூப்பிட்டேன், ஒருமுறை கெஞ்சியும் பார்த்தேன். இடது விங் என்றால் என்ன என்பதை அவர்கள் கண்டுவிட்டார்கள். நான் கோட்டோரமாக மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தேன். ஒன்றுக்குப் பூச்சியம் என்று எங்கள் ஊர் முதல்முறையாக ஓர் ஆட்டத்தை வென்றது.

களைத்து வந்து புல்லில் விழுந்தேன். மனைவி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

"இண்டைக்குத்தான் ஒரு பிழையும் விடாமல் விளையாடினீங்கள்," என்றாள்.