மீன்தொட்டியில் தொங்கிய சங்கிலி

மீன்தொட்டியின் விளிம்பில் ஒரு தங்கச் சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது, பாதி தண்ணீருக்குள். வேலை முடிந்து வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். அண்ணி கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு வந்த சங்கிலி அது. திருடன் அவசரத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்து வந்த நினைப்பு அதைவிட மோசம்: காலையில் நான் விளையாட்டாக விட்ட பகிடியை அண்ணி நம்பிவிட்டார்.

அப்போது கெலிஓயாவில் அண்ணன் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் நானும் ஒட்டிக்கொண்டிருந்தேன். அண்ணிக்குப் பிரசவம் நெருங்கியிருந்த நேரத்தில் குழந்தை தவறிப்போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. கைக்குழந்தையோடு யாராவது வந்தால் அண்ணன் வாசல் கேட்டடியிலேயே பேசி அனுப்பிவிடுவார். மீன் வளர்த்தால் மனசுக்கு ஆறுதல் என்று வேலை செய்யும் கந்தோரில் யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டேய், மீன் வாங்கணும். ஆனா குட்டி போடுறது வேணாம். அவ கண்ணுல ஒரு குஞ்சுகூடப் படக் கூடாது."

"என்கிட்ட விடுங்கண்ணே" என்றேன். என் மீன் அனுபவம் முழுவதும் கருவாட்டோடு சம்பந்தப்பட்டது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வளர்ப்பு மீன் விற்றவர் மடவளைக்காரர் ஒருவர். முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல எல்லோருக்கும் அவர் 'நானா'தான். மஞ்சள் நிறச் சிக்லிட் மீன்களைக் காட்டினார். ஆளை அடையாளம் தெரிந்து கிட்டே வரும் மீன், அண்ணிக்குப் பேச்சுத்துணை ஆகும் என்று எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் சோடி சேர்ந்தால் தொட்டி கொள்ளாமல் குஞ்சு பொரிக்குமாம்.

"ஆம்பளையாப் பாத்துக் குடுங்க நானா."

"இந்த மஞ்சள்ல ஆணும் பொண்ணும் ஒரே மாதிரித்தான் ஈக்கும் தம்பி. எனக்கே வெளங்காது."

"அப்ப ஒண்ணே ஒண்ணு குடுங்க!"

ஒற்றைக்கட்டை எப்படிக் குடும்பம் நடத்தும்? அதற்கு நானே நடமாடும் உதாரணம். மூலையில் வாயை இறுக மூடிக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் நின்ற ஒன்றைக் காட்டி, அடக்கமான மீன் என்று வாங்கிவந்தேன்.

அந்த அடக்கம் சாப்பாட்டிலும் இருந்தது. நாள் போகப்போக, போட்ட தீனியைத் திரும்பியும் பார்க்கவில்லை. தாடைக்குக் கீழே வேறு வீங்கியிருந்தது. தானே ஒழுங்காகச் சாப்பிடாத அண்ணி, கதிரையை இழுத்துப்போட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "தம்பி, தொண்டையில என்னமோ கட்டியிருக்கு. இதுவும் செத்துருமா?" என்று அன்று காலை கேட்டார். அந்த 'இதுவும்' என்னைக் குத்தியது. எதையாவது சொல்லித் தப்ப வேண்டும். "பொன்னுக்கு வீங்கி அண்ணி. சங்கிலியப் போடுங்க, எறங்கிரும்" என்றேன். எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கம் பிள்ளைகளுக்குத் தாடை வீங்கினால் கழுத்தில் தங்கம் போடுவது வழக்கம். மீனுக்குக் கழுத்து இல்லாததால் அண்ணி தொட்டிக்குப் போட்டுவிட்டார்.

அண்ணி அடுப்படியிலிருந்து வர, அண்ணனும் வேலை முடிந்து வந்துவிட்டார். அவர் சங்கிலியைப் பார்த்துக் கேள்வி கேட்பதற்குள் எடுத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். மீன் வாயைத் திறந்தது. குறுநொய் மாதிரி ஏதோ ஒன்று வெளியே விழுந்தது. விழுந்தது நீந்தியது. அதற்குக் கண் இருந்தது. பின்னாலேயே ஒரு கூட்டம்.

"டேய்! ஒண்ணுதானே வாங்குன?"

"ஒண்ணுதாண்ணே! சத்தியமா!"

நாங்கள் போட்ட சத்தத்தில் மீன் மிரண்டு, அத்தனையையும் லபக்கென்று வாய்க்குள் இழுத்துக்கொண்டது. "ஐயோ, தின்னுருச்சே!" என்று அண்ணி அலறினார். அண்ணன் தலை துவட்டும் துவாயை எடுத்துத் தொட்டியின் மேல் எறிந்துவிட்டு என்மேல் பாய்ந்தார். "குட்டி போடாததாப் பாத்து வாங்குன்னு எத்தன தடவ சொன்னேன்!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது.

அண்ணி துவாயை மெதுவாக விலக்கினார். மீன் மறுபடியும் வாயைத் திறந்தது. எல்லாம் உயிரோடு வந்தன. முட்டையை வாயிலேயே வைத்து, பட்டினி கிடந்து பொரிக்கும் சாதியாம். கடையிலிருந்தே வாய் நிறையக் கொண்டுவந்திருக்கிறது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் அண்ணியின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"குஞ்சப் பாத்தா நான் செத்துருவேன்னு நெனச்சீங்களா ரெண்டு பேரும்?" திரும்பாமலே கேட்டார். "ஆசுபத்திரியில இருந்து வந்த நாள்ல இருந்து ஒருத்தராவது அந்தப் புள்ளயப் பத்தி ஒரு வார்த்த பேசுனீங்களா? நான் அவனுக்குப் பேர் வச்சிருந்தேங்க."

அண்ணன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "என்ன பேரு?" என்று கேட்டார். அண்ணி சொன்னார்.

பதினாறு வருஷம் ஆகிவிட்டது; அந்தப் பெயர் இன்றைக்கு எங்கள் வீட்டில் சாதாரணமாகப் புழங்குகிறது. போன வாரம்கூட அண்ணன் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "அவன் இருந்தா இந்த வருஷம் ஓ.எல். பரீட்ச எழுதியிருப்பான்" என்றார்.

"எழுதி, உங்கள மாதிரிக் கணக்குல பெயிலாயிருப்பான்" என்றார் அண்ணி.