செவ்வாய்க்குப் போன மல்லாட்டை

வேற்றுக் கிரகத்தில் மனிதன் எப்படிக் குடித்தனம் நடத்துவான் என்று ஊர் ஊராகப் போய் விளக்குவதுதான் எண்பதுகளில் என் உத்தியோகம்; கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள். மைக் பிடித்துப் பிழைத்த அன்பர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

ஒரு விஞ்ஞானக் கண்காட்சி வேன், டிரைவர் தாஸ், நான். வேனுக்குள் காற்றுப் புகாமல் மூடிய பெரிய கண்ணாடிப் பெட்டி. அதில், செவ்வாய் கிரகத்து மண் மாதிரி நானே தயாரித்த மண்ணில் நாலு மல்லாட்டைச் செடி, அதாவது வேர்க்கடலை. மேலதிகாரி புறப்படும்போதே சொல்லிவிட்டார்: கடைசி நாள் விழுப்புரத்துக்கு வந்து பார்ப்பாராம். செடி பச்சையாக நின்றால் வேன் தொடர்ந்து ஓடும். இல்லையென்றால் நான் பழையபடி ஆபீஸில் தபால் ரிஜிஸ்டர் எழுத வேண்டும். அந்த நாற்காலியை நினைத்தாலே எனக்கு முதுகு வலிக்கும். ஆனாலும் பயப்படவில்லை. நான் பாட்டனி படித்தவன்.

மூச்சுக்கு வழி

கண்டமங்கலத்தில் சாயங்காலக் கூட்டம். செவ்வாயில் காற்று ரொம்ப மெல்லியது, அதுவும் நாம் சுவாசிக்கிற ரகம் இல்லை. ஆகவே கண்ணாடி வீடு கட்டி, இண்டு இடுக்கு விடாமல் அடைத்து, உள்ளேயே காற்றைத் தயாரித்துக்கொண்டு வாழவேண்டும் என்று முழங்கினேன். புதுச்சேரியில் மில் வேலை முடித்து வந்த ஒருவர், சாப்பாட்டு டப்பாவும் கையுமாக நின்று கேட்டார்.

"ஜன்னல் தொறக்காத எடத்துல வேர்த்து ஊத்திக்கினு கெடக்கறதுக்கு அம்மாந்தூரம் எதுக்கு சார் போவணும்? எங்க மில்லுக்கு வாங்க, பஸ்ஸு இருக்குது."

தண்ணீர் இருக்கிறது

பொம்மையார்பாளையத்தில் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். செவ்வாயின் துருவத்தில் பனிக்கட்டி இருக்கிறது, உருக்கினால் தண்ணீர்தான், கவலையே வேண்டாம் என்று அடித்துச் சொன்னேன். கைதட்டல் வரும் என்று கொஞ்சம் நிறுத்தினேன். வரவில்லை. முன்வரிசையிலிருந்த அம்மாள் எனக்குப் பின்னால் இருந்த கடலைக் காட்டினார்.

"எதிருலயே இம்மாந் தண்ணிய வச்சிக்கினு குடிக்கறதுக்கு ஒரு மைல் நடக்கறோம் சார். தண்ணி இருக்கறது வேற, கொடத்துல இருக்கறது வேற."

அன்றிலிருந்து 'கவலையே வேண்டாம்' என்ற வார்த்தையை என் பேச்சிலிருந்து எடுத்துவிட்டேன்.

வறுத்த மண்

மயிலம் வந்தபோது செடிகள் மஞ்சளடித்துவிட்டன. தண்ணீர் சரி, வெளிச்சம் சரி, இலை மட்டும் நாளுக்கு நாள் வெளுத்தது. "பேஜாரு புடிச்ச செடி சார். நாலு புதுசா புடுங்கி நட்டுடலாம், யாருக்குத் தெரியும்?" என்றான் தாஸ். ஒரு நிமிஷம் நல்ல யோசனையாகத்தான் பட்டது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது களை எடுத்துவிட்டு வந்த பெண்களில் அஞ்சலை என்று ஒருத்தி, முப்பது வயதிருக்கும், பெட்டியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். மண்ணுக்கு என்ன செய்தேன் என்று கேட்டாள். செவ்வாயில் புழு பூச்சி, கிருமி எதுவும் கிடையாது. அதனால் செம்மண்ணை வாணலியில் போட்டு மூன்று நாள் வறுத்தேன் என்றேன் பெருமையாக. அவள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"மல்லாட்டையத்தான் சார் வறுப்பாங்க!"

ஒரு கைப்பிடி

மறுநாள் காலை அஞ்சலை முந்தானையில் முடிந்து ஒரு கைப்பிடி மண் கொண்டுவந்தாள். போன வருஷம் மல்லாட்டை போட்ட கொல்லை மண்; அந்தப் பக்கம் மேட்டு நிலத்தைக் கொல்லை என்பார்கள். தண்ணீரில் கரைத்து வேரில் ஊற்றச் சொன்னாள். மூடியைத் திறந்தால் என் செவ்வாய் கெட்டுப்போகும் என்றேன். பிறகுதான் உறைத்தது: மல்லாட்டை வேரில் கிருமிகள் கட்டுகிற முடிச்சுதான் செடிக்குச் சத்து சேர்த்துக் கொடுக்கிறது. பரீட்சையில் அதை அழகாகப் படம் போட்டு மார்க் வாங்கியவன் நான். அந்தக் கிருமிகளைத்தான் வறுத்துத் தொலைத்திருந்தேன். மூடியைத் திறந்தேன். இது யாருடைய கொல்லை, கேட்டு எடுத்தாயா அம்மா என்றேன்.

"எனக்கு ஏது சார் கொல்லை? நான் கூலிக்குப் போற எடம். காலுல ஒட்டிக்கினு தெனம் இவ்ளோ மண்ணு ஊட்டுக்கு வருது, அதை யார் கேட்டாங்க?"

விழுப்புரம்

அடுத்த ஒரு மாதம் திண்டிவனத்தைச் சுற்றி முகாம். பேசிவிட்டு வந்ததும் முதல் வேலை இலையைப் பார்ப்பது. மூன்றாவது வாரம் நடுக்குருத்தில் பச்சை தெரிந்தபோது தாஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

கடைசி நாள் நாலு செடியும் கரும்பச்சையாக நின்றன. அதிகாரி சந்தோஷமாக, "முழுக்க வறுத்த மண்தானே?" என்றார். தலையாட்டியிருந்தால் வேலை முடிந்தது. ஆனால் செடி பிழைத்ததா என்று பார்க்க அஞ்சலை பஸ் ஏறி வந்து கூட்டத்தில் நின்றிருந்தாள். அவள் முன்னால் பொய் சொல்ல வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். அதிகாரி ஒரு செடியைப் பிடுங்கி, வேரில் கொத்தாக இருந்த முடிச்சுகளைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அஞ்சலையைக் கூப்பிட்டு, செவ்வாய்க்கு ஆள் அனுப்புவதைப் பற்றி என்னம்மா நினைக்கிறாய் என்றார்.

"ஆளு அப்புறமா போவட்டும் சார். மொதல்ல ஒரு கூடை கொல்லை மண்ண அனுப்புங்க."

வேன் ஓடட்டும் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார் அதிகாரி. மயிலத்து மண் செவ்வாயைப் பிழைக்க வைக்குமோ என்னவோ, என்னை அந்த ரிஜிஸ்டர் நாற்காலியிலிருந்து பிழைக்க வைத்தது.