கண் திறந்த போட்டோ

வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் முடித்துவந்து பகலில் தூங்கும்போதுதான் சொந்தபந்தத்துக்கெல்லாம் எங்கள் ஞாபகம் வரும். போன் அடிப்பார்கள். குறிஞ்சிப்பாடியிலிருந்து நாத்தனார் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிடுவார். 'தூங்குறாரு' என்றால் நம்பமாட்டார்கள். நான்தான் வேண்டாதவர்களைத் துரத்துகிறேனாம். சே, இந்த வம்பே வேண்டாம் என்று, அவர் கண்ணயர்ந்ததும் செல்போனில் ஒரு படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட ஆரம்பித்தேன். லுங்கி ஒரு பக்கம், மனுஷன் ஒரு பக்கம். அப்புறம் ஒரு ஈ, காக்கை அண்டாது.

அவர் ரிட்டயர் ஆவதற்கு முதல் நாள், அவரோடு வேலை செய்கிற தம்பி போன் செய்தார். எங்கள் டவுன்ஷிப்பில் கடைசி நாளன்று, கூட வேலை பார்த்தவர்கள் மாலை போட்டு, வண்டியில் ஏற்றி, வெடி வெடித்து, குவார்ட்டர்ஸ் வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். வாசலில் பிளக்ஸ் நிற்காவிட்டால் மரியாதையே இல்லை.

"அண்ணி, அண்ணன் போட்டோ ஒண்ணு அனுப்புங்க. இன்னிக்கே பிளக்ஸ் கடையில குடுக்கணும்."

செல்போனில் தேடத் தேட எனக்கு வியர்த்துவிட்டது. கோலம் இருக்கிறது, பலாப்பிஞ்சு இருக்கிறது, கேஸ் பில்கூட இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து எதிலும் இவர் மட்டும் இல்லை. எல்லா விசேஷத்துக்கும் ஷிஃப்ட். இருப்பதெல்லாம் தூங்குகிற படம்தான். வாய் மூடியிருந்த ஒன்றாகப் பார்த்து அனுப்பினேன்.

உடனே போன் வந்தது. "அண்ணி, இத அடிச்சு வச்சா துக்கம் கேக்க வந்துடுவாங்க!"

"வாயைக் கழுவுங்க தம்பி!" என்று கத்தினேன். இத்தனை வருஷம் உழைத்த மனுஷனுக்கு இப்படியா ஒரு பிளக்ஸ்?

தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி உட்காரவைத்தேன்.

"தூங்குறவன எழுப்பி என்னத்துக்கு மூஞ்சிய படம் புடிச்சிக்கினு இருக்க?"

நான் போனைத் தொடும் நேரம் பார்த்துச் சரியாக இமையை மூடினார். எடுத்ததெல்லாம் வீண்.

"கண்ணத் தொறங்களேன்!"

"தொறந்துக்கினுதான இருக்கேன்!"

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நாளைக்கே குவார்ட்டர்ஸக் காலி பண்ணணுமாம்ங்க," என்று ஒரு குண்டைப் போட்டேன். கண் இரண்டும் பிதுங்கிக்கொண்டு வந்தன. எடுத்துவிட்டேன்.

மறுநாள் வாசலில் ஆறடி உயரத்துக்கு அவர் நின்றார். "அண்ணன் யார முறைக்கிறாரு?" என்று பிளாக்கே சிரித்தது. சிரிக்கட்டும், உயிரோடு இருக்கிற மாதிரி இருந்தாரே, எனக்கு அது போதும்.

அதற்கடுத்த நாள் காலையில் பழக்க தோஷம், டிபன் முடிந்ததும் போய்ப் படுத்துக்கொண்டார். நானும் போனும் கையுமாகப் போனேன். மல்லாந்து படுத்தபடி ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். இமைகூட அசையவில்லை.

போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தூக்கம் வரலன்னா எழுந்திரிங்களேன்."

"எழுந்து எங்க போறது?" என்றார்.