அக்கா மட்டும் தொட்ட கிளாஸ்

எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் அவள் அக்கா. மேலாளர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். வேலை வாங்குவதற்கு ரொம்ப வசதியான உறவு அது.

நாங்கள் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறவர்கள். அதில் 'நோயாளி' என்று ஒரு கிளாஸ். கிளாஸ் என்றால் ஒரு வேலையைப் பார்த்துக்கொள்ளும் நிரல் துண்டு, அவ்வளவுதான். பெயரும் வயதும் வைத்துக்கொள்ளத்தான் அக்கா அதை எழுதினாள். "இதையும் அதுலயே போட்டுடுங்கக்கா" என்று மேலாளர் சொல்லிச் சொல்லியே பில், படுக்கை, மருந்து, நினைவூட்டும் குறுஞ்செய்தி எல்லாம் அதற்குள் குடியேறின. பெரிதாக இருப்பது கூடக் குற்றமில்லை. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று படுத்துக்கொள்ளும், அதுதான் வயிற்றெரிச்சல். ஒருமுறை ஒருத்தன் பில்லில் தேதி அச்சாகும் விதத்தை மாற்றினான். குறுஞ்செய்தியும் அதே தேதியைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. மறுநாள் ஒரு நோயாளிக்கும் செய்தி போகவில்லை. அன்றிலிருந்து ஒரு சட்டம்: அக்கா சீட்டில் இல்லாதபோது அந்தக் கிளாஸை யாரும் திறக்கக் கூடாது. அவளுக்கு லீவு என்பதே இல்லாமல் போனது அப்படித்தான்.

"பிரிச்சுடலாம் சார், ஒரு மாசம் குடுங்க" என்று அவள் கேட்காத வருடமில்லை.

"நல்லா ஓடிட்டிருக்கறத ஏன்க்கா கிண்டணும்? எல்லாம் ஒரே இடத்துல இருந்தா தேடறதும் சுலபம்" என்பார். ஏதோ இவர்தான் உட்கார்ந்து தேடுகிற மாதிரி.

அக்காவுக்கு அம்மா இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. அப்பா மட்டும் வெளியூரில் தனியாக இருந்தார். அவருக்கு மூச்சுத்திணறல் என்று பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்த வாரத்தில்தான் அரசாங்கத்தின் வரி விகிதம் மாறித் தொலைத்தது. பில்லை மாற்றியாக வேண்டும். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோங்கக்கா" என்றார் மேலாளர்.

"நீங்க கிளம்புங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன் நான்.

"நீ தொட்டா நான் ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கு போன் வரும்டா. முடிச்சுட்டே போயிடறேன்."

நடுவில் அப்பாவே பேசினார். இரண்டு கையும் கீபோர்டில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். "எனக்கு ஒண்ணுமில்லம்மா. வேலைய முடிச்சுட்டே வா" என்றார் மூச்சு வாங்க. எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

வெள்ளிக்கிழமை பில் சரியாக வந்தது. அவள் பஸ் ஏறிப் பாதி வழி போவதற்குள் அப்பா போய்விட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரைப் பிடித்து உலுக்குவது என்றுதான் தெரியவில்லை.

திரும்பி வந்தவள் யாரிடமும் கேட்கவில்லை. கிளாஸைப் பிரிக்க ஆரம்பித்தாள். மேலாளரும் தடுக்கவில்லை. பில் தனி, படுக்கை தனி, மருந்து தனி, செய்தி தனி. இப்போது எதை யார் வேண்டுமானாலும் தொடலாம். ஒன்று கெட்டால் அது மட்டும்தான் கெடும்.

மேலாளருக்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும். ஒரு நாள் அவள் மேசைக்கே வந்தார். "இனிமே நீங்க எப்ப வேணாலும் லீவு எடுக்கலாம்க்கா. ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டு வாங்களேன்."

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அங்க யாரு சார் இருக்கா?" என்றாள்.