சேற்றில் நான் விட்ட கை

இடுப்பளவு சேற்றில் புதைந்துகொண்டிருந்த ஒரு மாணவியின் கையை நான் விட்டேன். விசுவாசிகளே, போன வருடம் சபையில் சாட்சி சொன்னபோது இதை மறைத்தேன்.

எனக்கு எழுபத்தொரு வயது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். போன வருடம் பங்குனியில், அதே கல்லூரியின் பன்னிரண்டு மாணவர்களோடு, பூநாரைகள் பார்க்க, பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு விடுதியில் தங்கினேன். எல்லோரும் தொழிற்பேட்டைத் தொழிலாளிகளின் பிள்ளைகள்.

முதல் நாள் ஏரியில் சில பெண்கள், உட்கார்ந்தபடியே நகர்ந்து கையால் இறால் துழாவி, வாயில் கவ்விய ஓலைப் பறியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். படம் எடுக்கக் குறுக்கே இருப்பதாக எனக்குப் பட்டது. பறவைகளுக்கு இடைஞ்சல் என்று விரட்டினேன்.

அவர்களில் மூத்தவர் எல்லம்மாள். பறியை வாயிலிருந்து எடுத்தார். "இன்னா சார், எங்களக் கண்டா அதுங்க பறக்குது? நீ கத்துறதுலதான் பறக்குது."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. வனத்துறையில் சொல்வேன் என்று மிரட்டினேன். அவர்கள் தூரமாகப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை விடுதிக்காரர் சொன்னார்: "சார், மேல காஞ்சாப்ல தெரியும், உள்ள சேறு. அந்த அம்மாங்கள்ல யாரையாச்சும் இட்டுக்கினு போங்க."

நேற்று விரட்டியவர்களிடம் போய்க் கேட்பதா? நாற்பது வருடம் பாடம் நடத்திய ஏரி எனக்குத் தெரியாதா என்றேன்.

உப்புப் பூத்த தரையில் நடந்தோம். எங்களைக் கண்டு பூநாரைக் கூட்டம் மொத்தமாக எழும்பியது. முன்னால் ஓடிய மாணவி திவ்யா புதைந்தாள். எட்டிப் பிடித்தேன். "சார், உட்டுடாதீங்க" என்றாள். என் கால் முழங்கால்வரை இறங்கியது. விட்டுவிட்டேன். பின்னால் தவழ்ந்து தப்பினேன்.

அங்கேயே மண்டியிட்டேன். "ஆண்டவரே, என் ஆணவத்துக்கு அவள் உயிரை வாங்காதேயும். யாரையாவது அனுப்பும்."

எல்லம்மாளும் மற்ற இறால் பிடிக்கும் பெண்களும் ஓடி வந்தார்கள். அவர் சேற்றில் குப்புறப் படுத்து ஊர்ந்து போனார்.

"துள்ளாதே பாப்பா. பாயில படுக்கறாப்ல மல்லாக்க சாஞ்சுக்கோ. யோவ் சார், அழுதுக்கினு இருக்காதே, துப்பட்டாங்கள முடிஞ்சு வீசு!"

ஒவ்வொரு காலாக விடுவித்து அவளை இழுத்து வந்தார்கள்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "பறவை மொத்தமா எழும்புச்சு. எவனோ வெவரம் கெட்டவன் எறங்கிட்டான்னு ஓடியாந்தோம். பாத்தா நீ!"

சபையில் நான் சொன்னது, "கையைப் பிடித்தேன், ஜெபித்தேன், தேவன் காப்பாற்றினார்" என்பது மட்டும். கைதட்டினார்கள். திவ்யாவின் அம்மா என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இந்தக் கை புடிச்சிருந்ததாலதான் சார் எம் பொண்ணு உசுரோட கீறா."

அதற்குப் பிறகு என்னால் ஜெபிக்க முடியவில்லை. கண்ணை மூடினால் "உட்டுடாதீங்க" என்ற திவ்யாவின் குரல்.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். திவ்யா மட்டும் நின்றாள்.

"எனக்குத் தெரியாதா சார்? சேத்துக்குள்ள இருந்தது நான்தானே."

ஒரு வருடம் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அங்கேயே அழுதேன். ஏரிக்குப் போய் எல்லம்மாளிடமும் மன்னிப்புக் கேட்டேன். இந்த வருடம் மாணவர்களுக்கு முன்னால் அவர் நடந்தார். நான் கடைசியில் நடந்தேன். இப்போது ஜெபிக்க முடிகிறது.

திவ்யாவை உயிரோடு தந்த தேவனுக்கு நன்றி. ஆபத்தில் கூப்பிடுங்கள், அவர் கேட்கிறார். ஆனால் சாட்சி சொல்லும்போது, அவர் யாரை அனுப்பினார் என்பதையும் சொல்லுங்கள்.