சிவப்பு விளக்கின் மேல் ஒரு பொட்டு

1. காலையில் உப்பு ஏற்றிய லாரி ஒன்று, வேகம் எடுக்கவில்லை என்று பட்டறைக்கு வந்தது.
2. ஸ்கேனரில் ஆயில் அழுத்தம் குறைவு என்று காட்டியது. இன்ஜினைக் காப்பாற்றத்தான் கம்ப்யூட்டர் வேகத்தைக் குறைத்திருந்தது.
3. சென்சார் மேல் சந்தேகப்பட்டுத் தனி மீட்டர் மாட்டினேன். சென்சார் சரி. அழுத்தம்தான் இல்லை.
4. எச்சரிக்கை விளக்கு தெரியவில்லை. தடவிப் பார்த்தேன். அதன் மேல் ஸ்டிக்கர் பொட்டு.

"எம்மவ ஒட்டுனது. கண்ணு கூசுதுன்னேன், மறைச்சிட்டா கெட்டிக்காரி" என்று டிரைவர் சிரித்தார்.

நானும் ஒரு பொட்டு ஒட்டியிருக்கிறேன். எனக்கு அப்போது ஏழு வயது. அப்பாவின் லாரி கேபினில் டீசலும் வாடிய மல்லிகையும் கருவாடும் சேர்ந்து மணக்கும். "ஏளா, இந்தச் செவப்புக் கண்ணு என்னய மொறைக்கி. பொட்டு வச்சி மூடு" என்றார் அப்பா. அம்மாவின் பொட்டு அட்டையிலிருந்து பெரியதாக ஒன்றை உரித்து ஒட்டினேன். அப்பா கைதட்டினார்.

நான்காம் நாள் வேம்பார் சாலையில் ஆயில் இல்லாமல் இன்ஜின் இறுகி வண்டி நின்றது. இறங்கிப் பார்த்த அப்பா மீது பின்னால் வந்த பஸ் மோதியது. வண்டியை வீட்டு வாசலுக்கு இழுத்து வந்தபோது அப்பா இல்லை. பொட்டு அப்படியே இருந்தது. யாரும் பார்ப்பதற்குள் அதை உரித்தேன்.

"அந்த எரரை மட்டும் அழிச்சிவுடு தாயி. கப்பலுக்கு நேரமாவுது" என்று டிரைவர் அவசரப்படுத்தினார்.

"அழிச்சா வண்டி ஓடும் அண்ணாச்சி. எது வரைக்கும்னுதான் தெரியாது."

இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துக்கொண்டேன். டிரைவர் வீட்டுக்குப் போன் போட்டார். லாரி பட்டறையில் நிற்கிறது. மாற்றுச் சாவியோடு அவர் மகள் வந்துகொண்டிருக்கிறாள்.