தோட்டத்துக்கு ஏறி வந்த டர்ன்டேபிள்

நூறு டன்னை நெருங்கும் ஒரு ரயில் எஞ்சினைத் திருப்புவது கடினம் என்று சொல்பவர்கள் அதைச் செய்து பார்க்காதவர்கள். திருப்புவது சுலபம். சரியான இடத்தில் நிறுத்துவதும், நின்றதைப் பூட்டுவதும்தான் கஷ்டம். இருபது வருடங்களுக்கு மேல் நான் இந்த வேலையில்தான் இருந்திருக்கிறேன். எங்கள் மலை ஊரான தானா ராத்தாவில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "ரயில் பக்கம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். தண்டவாளமே இல்லாத மலையில் அதற்கு மேல் விளக்கப் போனால் தேத்தண்ணி ஆறிவிடும்.

டர்ன்டேபிள் என்பது ஒரு வட்டக் குழி. குழிக்கு நடுவில் ஒரு பெரிய பேரிங், அதன் மேல் ஒரு பாலம். எஞ்சின் பாலத்தில் ஏறி நிற்கும், பாலம் சுற்றும், எஞ்சின் வேறு பக்கம் முகம் வைத்து இறங்கிப் போகும். பழைய டர்ன்டேபிள் மேடைகளில் எடை முழுக்க நடு பேரிங்கில்தான். டிரைவர் ஒரு சாண் முன்னே பின்னே இல்லாமல் எஞ்சினை நடுவில் நிறுத்திவிட்டால் இரண்டு பேர் தோள் கொடுத்தே சுற்றிவிடலாம். மோட்டார் வந்த பிறகு டிரைவர்களுக்கு அந்தப் பொறுமை போய்விட்டது. எங்கே நிறுத்தினாலும் சுற்ற வேண்டும் என்பார்கள். எஞ்சின் ஒரு முனைக்குத் தள்ளி நின்றால் மறுமுனை லேசாகிவிடும். அங்கே மோட்டார் சக்கரம் இருந்தால் பிடிப்பில்லாமல் நின்ற இடத்திலேயே சுழலும். அதனால் நான் மோட்டாரையும் கியர்பாக்ஸையும் ஓட்டும் சக்கரத்தையும் தனியாக ஒரு குட்டி வண்டியில் வைத்து, பாலத்தோடு கீல் போட்டு இணைப்பேன். அந்த வண்டியின் எடை எப்போதும் குழிக்குள் இருக்கும் வட்டத் தண்டவாளத்தின் மேலேயே அழுந்தும். மேலே எஞ்சின் எங்கே நின்றால் அதற்கென்ன. என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

வெட்கப்பட வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் தங்கச்சியின் கணவர் பிரிஞ்சாங்குக்கு மேலே, நாங்கள் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவர். மலையிலிருந்து கொழுந்தை ஏற்றி வந்து தொழிற்சாலை முற்றத்தில் இறக்க வேண்டும். அந்த முற்றம் மலையை வெட்டி எடுத்த ஒரு துண்டு. லோரி திரும்ப இடம் கிடையாது. மேல் ரோட்டிலேயே திருப்பிக்கொண்டு, சரிவு முழுக்கக் கோஸ்தானிலேயே இறங்கி வர வேண்டும். வண்டியைப் பின்னுக்கு எடுப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சரிவில் லோரி நின்றதும் பின் சக்கரத்துக்கு ஒரு கல் போட வேண்டும். பிரேக்கை இந்த மலையில் யாரும் நம்புவதில்லை. லோரியில் கூடவே வருகிற ஆள், கெலிண்டான், கதவைத் திறப்பதற்கு முன்னால் கல்லைத் தேடுவான். கோயிலுக்குப் போன கார்களுக்குக்கூட வாசலில் கல் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

ஒரு மழை நாளில் கெலிண்டான் வேலைக்கு வரவில்லை. தொழிற்சாலையில் தூள் சலிக்கிற பகுதியில் இருந்த ஒரு பெண் கல்லை எடுத்துக்கொண்டு லோரிக்குப் பின்னால் போனார். லோரி அப்போது முழுதாக நின்றிருக்கவில்லை. மாப்பிள்ளை கண்ணாடியில் பார்த்தது மழையை மட்டும்தான். அந்தப் பெண் அந்த இடத்திலேயே இறந்துபோனார்.

அவர் என் தங்கச்சி வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, தோட்டத்து வீட்டு வரிசையில், அதே லைனில் குடியிருந்தவர். மாப்பிள்ளையை அண்ணே என்று கூப்பிடுவாராம். அவருடைய கணவர் அதே தொழிற்சாலையில், இலையைக் காய வைக்கும் டிரையருக்குத் தீ பார்க்கிறவர். விசாரணை நடந்தது. டிரைவர் மேல் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை அந்தக் காகிதத்தைப் பிரித்துப் பார்க்கவே இல்லை. உரம் போடுகிற வேலைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். டிரையர்காரர் அதற்குப் பிறகு ஒரு வருடம் மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. லைனில் எதிரும் புதிருமாக வந்தால் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு போவார்கள். அவர் கோபத்தில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

ஒருநாள் தங்கச்சி போன் செய்தாள்.

"அண்ணே, மேனேஜர் தொர கூப்புட்டு லோரி சாவிய கையில குடுத்தாரு. முன்னுக்கு நல்லாதான் ஓட்டுனாரு. கோஸ்தான்னு சொன்னதும் எறங்கிட்டாரு. சாவிய திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டாருலா. இப்படியே விட்டா ஆளு நமக்குத் தேறாது."

எனக்கு அழுகையை விடக் கோபம்தான் முதலில் வரும். அன்றைக்கு அந்த முற்றத்தின் மேல் வந்தது. மறுநாளே போய் டேப் வைத்து அளந்தேன். அந்தச் சமயத்தில் கீழே, சமவெளியில் ஒரு ரயில் பணிமனையில் பழைய டர்ன்டேபிளைக் கழற்றிவிட்டு நான் வரைந்த புதியதைப் போட்டிருந்தார்கள். பழையதின் நடு பேரிங்கும், பாலத்தின் இரண்டு முனைகளுக்கும் அடியில் ஓடும் முனைச் சக்கரங்களும் மூலையில் கிடந்தன. எஞ்சினைத் தாங்கிய பேரிங்குக்குக் கொழுந்து லோரி ஒரு பொருட்டா? தோட்ட மேனேஜரிடம் வரைபடத்தை விரித்தேன். லோரி முகம் வைத்து இறங்கி வரும், மேடையில் நிற்கும், பக்கவாட்டில் கொழுந்தை இறக்கும், மேடை அரைச் சுற்று சுற்றும், லோரி முகம் வைத்தே ஏறிப் போகும். அந்த முற்றத்தில் கோஸ்தான் என்ற ஒன்றே இருக்காது. மாப்பிள்ளை மறுபடி லோரியில் உட்கார வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மேனேஜர் நெடுநேரம் வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

பேரிங் லோரியில் மலையேறி வந்தபோது தோட்டத்து ஆட்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். "ரயிலு எப்பங்க வரும்?" என்று ஒருவர் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டார். குழி வெட்டி, வட்டத் தண்டவாளம் போட்டு முடிக்க மழை விட்டு விட்டு மூன்று மாதம் ஆனது. மேடைக்கும் குழியின் சுவருக்கும் நடுவில், தண்ணீர் வடியட்டும் என்று ஒரு சாண் இடைவெளி விட்டேன். எதிலாவது மாட்டிக்கொண்டால் மோட்டார் அறுத்துக்கொண்டு இழுக்கக் கூடாது என்று, பாரம் மிஞ்சினால் நழுவிக்கொடுக்கிற கிளச் வைத்தேன்.

அப்போதுதான் தெரிந்தது, மேடையின் பொத்தானை அழுத்தப் போகிறவர் டிரையர்காரர் என்று. டிரையர் முற்றத்தை ஒட்டி இருக்கிறது, அவர்தான் கிட்டே இருப்பவர் என்று மேனேஜர் சொன்னார். வேறு ஆளைப் போடுங்கள் என்று கேட்டேன். டிரையர்காரரே, "நானே பாக்கறேன்" என்று சொல்லிவிட்டாராம்.

ரயில் பணிமனையில் ஒரு விதி உண்டு. மேடை நின்றதும் அதை இயக்குகிறவர் இறங்கிப் போய், பூட்டுத் தண்டு சுவரில் இருக்கும் துளைக்குள் நுழைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு டிரைவரைப் பார்த்துக் கை காட்ட வேண்டும். டிரைவர் பதிலுக்குக் கை காட்டாமல் வண்டியை எடுக்கக் கூடாது. எங்கள் மேடையில் இந்த விதி எப்படி நடக்கும்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு பேர். அவர்களுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம் என்று நான் விதியை எடுத்துவிட்டேன். பதிலுக்கு விளக்கு வைத்தேன். பூட்டு விழுந்தால் பச்சை எரியும், டிரைவர் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பேச்சும் வேண்டாம், முகமும் வேண்டாம். பெரிய மனசு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பூட்டு விழுந்ததைச் சொல்லும் சுவிட்சைத் துளைக்குள், தண்டின் நுனியில் வைக்க வேண்டும். இந்த ஊர் மழைக்கும் பனிக்கும் அது துருப்பிடித்துவிடும் என்று மேடைக்கு அடியில், தண்டைத் தள்ளும் நெம்புகோலில் வைத்தேன். நெம்புகோலுக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்பிரிங் இருந்தது. அது எனக்குத் தெரியும், வரைந்ததே நான்தான்.

முதல் நான்கு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மாப்பிள்ளை லோரியை ஓட்டினார். இறங்கி வருவார், கொழுந்தை இறக்குவார், மேடை சுற்றும், பச்சையைப் பார்த்து ஏறிப் போவார். இரண்டாம் நாள் தங்கச்சி எனக்கு இட்லி கொடுத்துவிட்டாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று, கல்யாண வீட்டுக்காரன் மாதிரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை, பனி தொழிற்சாலைக் கூரையை மறைத்திருந்தது. லோரி வந்து மேடையில் நின்றது. கெலிண்டானாக இருந்த பங்களாதேஷ் இளைஞன் இறங்கியதும் வழக்கம்போலப் பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்தான். சமமான மேடையில் கல் எதற்கு? ஆனால் அவனுக்கு இங்கே முதல்நாள் சொல்லிக் கொடுத்த பாடமே அதுதான். இந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த நான் மழையை யோசித்தேன், துருவை யோசித்தேன், கல்லை யோசிக்கவில்லை. கொழுந்தை இறக்கிய பிறகு அவன் கல்லை எடுக்க மறந்துவிட்டான். மேடை கிளம்பிய உதறலில் கல் உருண்டு, நான் விட்ட இடைவெளி வழியாகக் குழிக்குள் விழுந்து, தண்டவாளத்தில் முனைச் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது.

அது எதுவும் அப்போது எங்களுக்குத் தெரியாது. கல்லில் முட்டியதும் கிளச் நழுவியது. மேடை, நிற்க வேண்டிய இடத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றது. பனியில் எப்போதும் நிற்பதுபோலத்தான் இருந்தது. டிரையர்காரர் பூட்டுப் பொத்தானை அழுத்தினார். தண்டு துளைக்குப் பதிலாக இரும்புச் சுவரில் போய் முட்டியது. ஸ்பிரிங் அமுங்கிக் கொடுத்தது. நெம்புகோல் கடைசி வரை போய் என் சுவிட்சைத் தொட்டது. பச்சை எரிந்தது.

நானும் பச்சையைத்தான் பார்த்தேன். லோரியின் இடது சக்கரத்துக்கு எதிரே ரோடு இல்லை, கீழே தேயிலைச் சரிவுதான் இருந்தது. மேடை பூட்டாமல் கிடந்தது. மாப்பிள்ளை கியரைப் போடும் சத்தம் கேட்டது.

டிரையர்காரர் பொத்தான் அறையிலிருந்து வெளியே வந்தார். ஓடவில்லை, வேகமாக நடந்தார். லோரிக்கு நேர் முன்னால் போய் நின்று, முகப்பில் உள்ளங்கையை வைத்தார்.

"எடுக்காத தம்பி," என்றார். "கல்ல காணோம்."

அவர் ஐந்து நாளும் மேடையைப் பார்க்கவில்லை, விளக்கையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் லோரியின் பின் சக்கரத்தையும் அந்தக் கல்லையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்கு வைத்த கல்லை யாரும் எடுக்கவில்லை, ஆனால் சக்கரத்தடியில் அது இல்லை. மாப்பிள்ளை எஞ்சினை அணைத்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். டிரையர்காரரே கதவைத் திறந்து, அக்குளில் கை கொடுத்து இறக்கினார்.

மூன்று பேரும் குழிக்குள் இறங்கினோம். கல் சக்கரத்துக்கு அடியில் இறுகிக் கிடந்தது. டார்ச்சை அடித்துப் பூட்டுத் தண்டைப் பார்த்தேன். அது சுவரில் முட்டிக்கொண்டு நிற்க, மேலே பச்சை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். நான் யானை இல்லை. மாப்பிள்ளையைக் காப்பாற்றப் போய், அவர் கையாலேயே அவரைச் சரிவுக்கு அனுப்பப் பார்த்தவன்.

"தப்பு என்னோடதுதான்," என்றேன். "சுவிட்ச நான் எடம் மாத்தி வச்சிட்டேன். நீங்க ரெண்டு பேரும் பேசிக்க வேணாமேன்னு வெளக்கு வச்சேன். அதுவும் தப்பு."

சேற்றுத் தண்ணீரில் நின்றுகொண்டு, மாப்பிள்ளை ஒரு வருடம் கழித்து டிரையர்காரரிடம் வாய் திறந்தார்.

"அன்னிக்கு நான் பாக்கலண்ணே. சத்தியமா பாக்கல."

டிரையர்காரர் கடப்பாரையைக் கல்லுக்கு அடியில் கொடுத்தவர், அழுத்தாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பேச ஆரம்பித்தபோது கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெலிண்டான் வரல, நீ போயி கல்லு போட்டுட்டு வான்னு அவள அனுப்புனதே நான்தான் தம்பி. நான்தான் எடுத்துக் கையில குடுத்தேன். விசாரணையில எல்லாரும் ஒன்னத்தான் கேட்டாங்க, என்னைய யாரும் கேக்கல. நானும் வாயத் தொறக்கல. ஒன்கிட்ட வந்து சொல்லணும்னு ஒரு வருஷமா பாக்கறேன். நீ என்னைய மன்னிக்க மாட்டேன்னுதான் தலைய குனிஞ்சிக்கிட்டுப் போனேன்."